வாளுக்கு வைத்த குங்குமம்

என் வாளுக்குக் குங்குமம் வைத்தேன், அதனால் செத்தேன். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். என் மனைவி இன்றும் சிரிக்கிறாள். எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே வரைபடப் பிரிவில் ஒருத்தன் இருந்தான். டிராயிங்காரன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவனுக்கு வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஒருவர் ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். டேப் ரெக்கார்டர் என்று வீடே காத்திருந்தது. பிரித்தால் விளையாட்டு.

அதில் பலகை கிடையாது. ஒருத்தன் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகத் தன்னை நினைத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் போக வேண்டும். எதிரே கதவு இருக்கிறது, என்ன செய்கிறாய் என்று அவன் கேட்பான். நாம் செய்வதைச் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று பகடை முடிவு செய்யும். இருபது முகம் கொண்ட பகடையாம். அது வரும் வழியிலேயே தொலைந்துபோயிருந்தது. தம்போலா ஆட்டத்தின் எண் காய்களில் ஒன்று முதல் இருபது வரை பொறுக்கிச் சொம்பில் போட்டுக் குலுக்கினோம். பெரிய எண் வந்தால் நல்லது. ஒன்று வந்தால் நாசம்.

கரையான்சாவடியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் டிராயிங்காரனுக்கு வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே கூடுவோம். புத்தகம் அவனிடம் இருந்ததால் கதை சொல்வது அவன். ஆடுவது மூன்று பேர். நான், வெல்டர், ஸ்டோர்காரர். ஸ்டோர்காரர் எங்களைவிடப் பெரியவர், அதனால் எங்களில் அவரை மட்டும் அண்ணாத்தே என்போம். கல்யாணமானவர்கள் ஞாயிற்றுக்கிழமை செய்யும் வேலையா இது என்று மூன்று வீட்டிலும் திட்டு. திட்டியது சரிதான்.

டிராயிங்காரன் நல்லா கதை சொல்வான். நாங்கள் அதை நல்லா கெடுப்போம். முதல் முறை கோட்டைக்குப் போனபோது இப்படித்தான் ஆனது.

"பெரிய கோட்டை. சுத்தி அகழி. தண்ணி கறுப்பா கீது," என்றான்.

"ஏரியா?" என்று கேட்டான் வெல்டர்.

"ஏரி இல்ல. அகழி."

"எங்களாண்டயும் அப்டித்தான் சொல்லி வித்தானுங்கோ. மழை பேஞ்சா ஊட்டுக்குள்ள மீனு ஓடுது. இந்தக் கோட்டைக்குப் பட்டா கீதா?"

"பேய் கட்டுன கோட்டைடா. அதுக்கு இன்னா பட்டா?"

"அப்ப பொறம்போக்கு."

வெல்டருக்கு நூம்பல் பக்கம் ஏரிக்கரை ஓரம் மனை. அந்த வயிற்றெரிச்சலைக் கோட்டை மேல் இறக்கினான். அந்த ஞாயிறு முழுக்க நாங்கள் உள்ளே போகவே இல்லை. பேயின் பத்திரம் செல்லுமா செல்லாதா என்றே பொழுது போனது.

பாதாளத்தில் வழி தேடுவதுதான் இந்த விளையாட்டில் பாதி வேலை. சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும், தரையில் தடம் பார்க்க வேண்டும், நடந்ததை வரைந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை. வழி தெரியாவிட்டால் யாரையாவது கேட்போம். பாதை நாலாகப் பிரிகிறது என்று டிராயிங்காரன் சொன்னதும், யாராவது வருவார்கள் என்று மூவரும் உட்கார்ந்துவிட்டோம்.

"பாதாளத்துல யாருடா வருவான்?" என்று கத்தினான்.

கடைசியில் கடுப்பாகி, கத்தி ஏந்திய ஒரு எலும்புக்கூட்டை அனுப்பினான். வெல்டர் எழுந்து நின்றான். "அண்ணாத்தே, வெளிய போறதுக்கு எப்டிப் போவணும்?" என்று அந்த எலும்புக்கூட்டிடம் மரியாதையாகக் கேட்டான். எதிரில் வருவது நட்பா பகையா என்று குலுக்கிப் பார்க்கப் புத்தகத்தில் ஒரு விதி இருந்தது. டிராயிங்காரன் குலுக்கினான். நட்பு என்று வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "நேராப் போயி சோத்தாங்கை பக்கம் திரும்புன்னு கையக் காட்டுது," என்றான். போனோம். அங்கே வழியே இல்லை. வானகரத்தில் வழி கேட்டாலும் இதே கதிதான் என்பதால் எங்களுக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. திரும்பி வந்து அந்த எலும்புக்கூட்டைத் தேடி அடித்தோம்.

சண்டை இதைவிட மோசம். எங்கள் கூட்டத்தின் சாமான் பையை ஸ்டோர்காரரிடம் கொடுத்தது பெரிய முட்டாள்தனம். தொழிற்சாலையில் தேய்ந்த டிரில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் புது டிரில் தருவார். பாதாளத்திலும் அதே சட்டம். பூதம் வெல்டரைத் தலைகீழாகத் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கிறது. நான் அம்பு கேட்கிறேன்.

"பழைய அம்ப எட்தாந்து குடு, புதுசு தரேன்," என்றார்.

"அது பூதத்தோட தொடையில கீது அண்ணாத்தே."

"அப்ப போய்ப் புடுங்கினு வா."

"டேய், என்னிய ஆட்டினு கீதுடா," என்றான் வெல்டர்.

"உன்ன ஆட்டுனா ஸ்டாக்கு சரியாய்டுமா?" என்றார் ஸ்டோர்காரர்.

ஊன்றி ஆடியவன் நான் ஒருத்தன்தான். என் வீரன் வெறும் கழியோடு முதல் படியில் ஆரம்பித்தவன். எதிரிகளை வெல்ல வெல்ல ஒவ்வொரு படியாக ஏறினான். அவன் இடுப்புக்கு ஒரு பெரிய வாள் வந்தது. இருட்டில் வெளிச்சம் தரும் வாள். ஊர்த் தலைவர்கள் அவனைக் கண்டால் எழுந்து நிற்பார்கள் என்று டிராயிங்காரன் சொல்வான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்கத்தான் அந்த மாடிப்படி ஏறினேன். ஏனென்றால் தொழிற்சாலையில் என் கிரேடு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அது ஏன் நின்றது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பு ஒரு ஆயுத பூஜை அன்று எல்லா மிஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து முடித்திருந்தோம். மேனேஜர் ஒரு துண்டு இரும்போடு என் லேத்திடம் வந்தார். அவசரமாம். ஒரே ஒரு ஷாஃப்ட்டாம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும், சார் என்றேன். "விடிஞ்சிருச்சுன்னு வெச்சுக்கப்பா," என்றார். நான் வைத்துக்கொண்டால் விடியாது சார் என்றேன். நான் பெரிய பக்தன் ஒன்றும் இல்லை. கோயிலுக்குப் போவது கல்யாணச் சாப்பாட்டுக்கு. ஆனால் வருஷம் முழுக்க நான் சொன்னதைக் கேட்கிற மிஷினுக்கு ஒரு நாள் ஓய்வு. வைத்தால் வைத்ததுதான். அவர் அந்த இரும்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு கிரேடு உயர்ந்தவர்கள் பெயரை ஒட்டினாலும் நான் போய்ப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். அதுவும் ஆயுத பூஜை. காலையில் தொழிற்சாலையில் பூஜை. மதியம் பொரியும் சுண்டலுமாக, நெற்றியில் சந்தனம் காயாமல், கரையான்சாவடிக்கு வந்து உட்கார்ந்தோம். கதையில் நாங்கள் கோட்டையின் உள் கூடம் வரை போயிருந்தோம். அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது.

வெல்டர்தான் ஆரம்பித்தான். "இங்கயும் பூஜ போட்டுடலாம் மாமே. இத்தினி நாளு வெட்டுன வாளு. அதுக்கும் ஒரு நாளு வேணாவா?"

எனக்கு நியாயமாகப் பட்டது. டிராயிங்காரன் சிரித்தான். "போடுங்க. நான் இன்னா வாணான்னா சொல்றேன்," என்றான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே எழுந்து போயிருக்க வேண்டும்.

கதைக்குள் கூடத்தைக் கூட்டினோம். வாள், வெல்டரின் சம்மட்டி, மிச்சமிருந்த அம்புகள் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தோம். குங்குமம் வைத்தோம். பூசணிக்காய்க்கு எங்கே போவது என்று வெல்டர் கேட்டான். கோட்டைத் தோட்டத்தில் இருக்கிறதா என்று குலுக்கினோம், இருந்தது. குங்குமம் தடவி உடைத்தோம். ஸ்டோர்காரர் பையைப் பூட்டிச் சாவியைச் சாமி முன்னால் வைத்துவிட்டதாகச் சொன்னார். கற்பூரம் காட்டினோம். உண்மையான பொரியைத் தின்றோம்.

"கதவு ஒடையுது," என்றான் டிராயிங்காரன். "டிராகன்."

கீழே சைக்கிள் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"இன்னிக்கா?" என்றான் வெல்டர்.

"இன்னிக்குத்தான்."

"அதுவும் பூஜ போடணும் இல்ல? வாயில கேஸ் கட்டிங் டார்ச் வெச்சினு கீது. நம்ம டிபார்ட்மெண்ட்தான். இன்னிக்கு அத்த அணைச்சு வெக்கணுமா வேணாமா?"

"அதுக்கு லீவு கெடையாது."

"ஓவர்டைமா?"

"நெருப்பு கக்கப் போவுது. இன்னா பண்றீங்க, சொல்லுங்க."

நான் ஸ்டோர்காரரைப் பார்த்தேன். "ஸ்டோர் பூட்டியாச்சு," என்றார். "சாவி சாமியாண்ட கீது. தீ படாம பூசிக்கிற தைலம் வோணும்னா காலைல வா." அவர் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டதாகவும் சொன்னார்.

வெல்டர் ஒரு நொடி யோசித்தான். "நான் சம்மட்டிய எட்துக்கினேன்," என்றான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பூஜை போடலாம் என்று சொன்னதே அவன்தான்.

"வெச்சத எடுக்கிறியேடா. வெக்கமா இல்ல?"

"உசுரு போவசொல்லோ இன்னா மாமே வெக்கம்? சாமி கேட்டா நான் பேசிக்கிறேன். நீயும் எட்துக்கோ."

"எடுக்க மாட்டேன்."

"செத்துருவ."

"சாவுறேன்."

டிராயிங்காரன் புத்தகத்தைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. என் வீரன் ஏறி வந்த ஒவ்வொரு படியும் அவன் வாயால் சொன்னதுதான். அவனுக்கும் அந்த வீரன் மேல் ஆசை. "மச்சான், இந்த ஆட்டத்துல செத்தா செத்ததுதான். திரும்ப வராது. வாளு உன் காலாண்டயே கீது. எட்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு போதும்," என்றான்.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"சரி உடு," என்றான். "விடிஞ்சிருச்சுன்னு வெச்சுக்கலாம்."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். மேனேஜர் இதே வார்த்தையைச் சொன்னது அவனுக்குத் தெரியாது. நான் மிஷினை ஓட்ட மறுத்தது மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். அந்த வாளை எடுத்தால் என் வீரன் பிழைப்பான். அன்றைக்கு லேத்தை ஓட்ட மாட்டேன் என்று நின்றவன் வெறும் கிறுக்கன் ஆகிவிடுவான். ஒரு டிராகனுக்காக விடியும் என்றால் ஒரு ஷாஃப்ட்டுக்காக ஏன் விடியவில்லை? கிரேடும் போய், காரணமும் போய், நான் என்னத்தை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை லேத் முன்னால் நிற்பது?

"எவன் சொன்னாலும் விடியாது," என்றேன். "பூசணிக்காயை எடுத்து அடிக்கிறேன்."

"அதுவும் பூஜைல வெச்சதுதானே?" என்றார் தூணுக்குப் பின்னாலிருந்து ஸ்டோர்காரர்.

"உடைச்சதும் அது வேலை முடிஞ்சிடுச்சு. அது ஆயுதமும் இல்ல."

டிராயிங்காரன் புத்தகத்தில் தேடினான். வெள்ளைக்காரன் அதில் பூசணிக்காயைப் பற்றி எதுவும் எழுதவில்லை. குலுக்கு என்றான். சொம்பில் கைவிட்டேன். பத்தொன்பது. அவ்வளவு நாள் ஆடி எனக்கு அப்படி ஒரு எண் சண்டையில் வந்ததே இல்லை. அரைப் பூசணி டிராகனின் கண்ணில் போய் அப்பியது. அது குங்குமம் கலந்த பூசணி. டிராகன் ஒரு முறை கண்ணைச் சிமிட்டியது என்றான் டிராயிங்காரன். பிறகு அதன் முறை வந்தது. அவன் குலுக்கினான். எண்ணைப் பார்த்துவிட்டு எங்களுக்குக் காட்டாமல் சொம்பிலேயே போட்டான்.

"கற்பூரம் மாதிரி," என்றான். மேலே விவரிக்கவில்லை.

நான் எரிந்துகொண்டிருந்தபோது வெல்டர் சம்மட்டியால் அதன் தலையில் அடித்தான். செத்தது. அவனுக்குப் படி ஏறியது.

மறுநாள் காலை தொழிற்சாலையில் லேத்தில் கட்டிய வாழைக்கன்றை அவிழ்த்தேன். குங்குமத்தைத் துடைக்காமல் மிஷினை ஓட்டினேன். வெல்டர் வந்து பக்கத்தில் நின்றான். "உனக்குக் கொழுப்பு மாமே," என்றான். அவன் டீ வாங்கி வந்து லேத் மேல் வைத்துவிட்டுப் போனான். குடித்தேன். கோபம் போகவில்லை.

அடுத்த ஞாயிறு புது வீரனோடு ஆரம்பித்தேன். முதல் படி, கையில் கழி. வாள் வேண்டும் என்று ஸ்டோர்காரரிடம் கேட்டேன்.

"பழைய வாள எட்தாந்து குடு, புதுசு தரேன்."

பழைய வாள் வெல்டரின் இடுப்பில் இருந்தது. செத்தவன் பொருளை எடுக்கலாம் என்று புத்தகத்தில் விதி இருக்கிறதாம். எனக்குத் திருப்பித் தர மாட்டானாம், ஏனென்றால் என் புது வீரன் அவனுக்கு முன்பின் தெரியாத ஆளாம். "யார்ரா நீ? எந்த ஊரு?" என்று என்னையே கேட்டான். குங்குமத்தையாவது துடைடா என்றேன். அதுவும் மாட்டேன் என்றான்.

அப்படியாக என் வாளைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் நடக்க, கழியை ஊன்றிக்கொண்டு நான் பின்னால் போனேன். முறைப்படி காலையில் எடுக்காத வாள் அது. அதை ஓங்கிவிட்டு அவன் சொம்பில் கைவிட்டு நாசமான அந்த ஒன்றாம் எண்ணை எடுத்தபோதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவனுக்கு ஒன்று அடிக்கடி வந்தது.