தம்பிக்கு மட்டும் நாற்காலி இல்லை

என் தம்பி பொறியியல் கல்லூரி ஆசிரியர். நின்று நின்றே கால் நரம்பு புடைத்து, கணுக்காலில் புண் வந்துவிட்டது. நோயாளிகளைப் பராமரிக்கப் படித்தவள் என்பதால் கட்டுப்போடும் வேலை எனக்கு.

"உட்கார்ந்து பாடம் நடத்துடா. இல்லேன்னா ஆறாது."

"எங்கேக்கா உட்கார?"

நியாயம்தான். கூடுதல் மாணவர்களைச் சேர்க்க அரசு தாராளமாகப் பணம் கொடுத்தது. புதுக் கட்டடம் எழும்பும்வரை காத்திருப்பானேன் என்று, கல்லூரி முதல்வர் பழைய வகுப்பறையிலேயே இரண்டு மடங்கு பெஞ்சுகளைத் திணித்தார். ஆசிரியரின் மேசை, நாற்காலி வெளியே போயின. தம்பி கரும்பலகையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு தொழில்நுட்பத்தை வளர்க்கிறான்.

போன வாரம் கட்டை அவிழ்த்தால் புண் காய்ந்திருந்தது.

"என்னடா செஞ்சே?"

"எவனாவது லீவு போட்டா, அவன் இடத்துல உட்கார்ந்து நடத்துறேன்க்கா."

வகுப்புக்கு வராதவர்களை இத்தனை வருஷம் கரித்துக் கொட்டியவன் இவன். இப்போது வகுப்பு நிறைந்திருந்தால் முகம் தொங்கிப்போகிறதாம்.

நேற்று புது உத்தரவு வந்திருக்கிறது. காலி இடம் தெரிந்தால் நிதி நிறுத்தப்படுமாம். எல்லாரும் தினமும் வந்தாக வேண்டும்.

பஞ்சும் கட்டுத்துணியும் கூடுதலாக வாங்கி வைத்துவிட்டேன்.