அண்ணா நின்ற மேடை

நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது பிள்ளை என்று உறவினர் சிலர் எனக்குச் சொன்னார்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். நல்லவருக்கு நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். மனம் நோகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனமும் நொந்துதான் இருக்கிறது.

எங்கள் அண்ணா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் மூத்த மகனாகப் பிறந்தார். பத்து வயதில் அப்பா அம்மாவோடு கிழக்கு பேர்லின் வழியாக ஜேர்மனிக்கு வந்து, பீலெஃபெல்டில் ஓர் அகதி விடுதியில் வளர்ந்தார். அப்பா உணவகமொன்றில் கோப்பை கழுவினார். அண்ணா பள்ளிக்கூடம் முடிந்து வந்து, விடுதியில் இருந்த எல்லோருடைய கடிதங்களையும் வாசித்துச் சொல்லுவார். அடுத்த அறையில் தனியாக இருந்த ஓர் இளைஞருக்கு அண்ணாதான் வாயும் காதும். அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திக்க நேரம் குறித்திருக்கிறார்கள் என்றால், அண்ணா பள்ளிக்குப் போகாமல் அவரோடு போவார். அவரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டு, அண்ணாவைத் தம்பி தம்பி என்று தோளில் தூக்கித் திரிந்தவர். இன்று அவர் எங்கள் நகரின் தமிழர் மன்றத் தலைவர். பெயர் எழுதத் தேவையில்லை.

அண்ணா ஜேர்மன் குடியுரிமை பெற்று, சட்டம் படித்து, இந்த நாட்டு இராணுவத்தில் சட்ட ஆலோசகராகச் சேர்ந்தார். வீட்டில் இடி விழுந்தது. இலங்கை ஆமியைக் கண்டு ஓடி வந்த குடும்பம் அல்லவா. அப்பா மாதக்கணக்காக அவரோடு கதைக்கவில்லை. கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அண்ணா சொன்னார்: "அப்பா, ஆமிக்காரன் செய்யக்கூடாததை அவன்ர முகத்துக்கு நேரே சொல்லுறதுதான் என்ர வேலை." அப்பா, "அங்க அப்பிடி ஒருத்தன் இருந்திருந்தா நாங்கள் ஏன் இஞ்ச வாறம்" என்றார். அன்றைக்குப் பிறகு சீருடையோடு அண்ணா எடுத்த படம் எங்கள் வரவேற்பறையில் இருந்தது. வீட்டுக்கு வந்துபோன எங்கள் ஆட்களே, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் நீங்கள் என்னென்ன கதைத்தீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

பிறகு அண்ணா அரசியலுக்கு வந்தார். மாநிலச் சட்டமன்றத்துக்கு, இங்கே லாண்டாக் என்பார்களே, இரண்டு தடவை தெரிவானார். முதற்தடவை வென்றபோது மன்றத் தலைவர் பொன்னாடை போர்த்தி, கட்டிப் பிடித்து அழுதார். எங்கள் தமிழ் ஆட்கள் பலரை அண்ணாவின் கட்சியில் சேர்த்துவிட்டவரும் தலைவர்தான். அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அண்ணாவின் இரண்டாவது காலத்தில்தான் மன்றத்துக்குப் புது மண்டபம் கட்டும் கதை வந்தது. அவசர வாசல் ஒன்றுதான் இருக்கிறது என்று நகரசபை அனுமதி தர மறுத்தது. தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டட அலுவலகத்துக்கு நீ ஒரு ரெலிபோன் கோல் எடுத்தால் காணும் தம்பி என்றார். அண்ணா மறுத்தார். "ஏலாது அண்ணை. தளபதிமாருக்கே ஏலாது எண்டு சொன்னவன் நான், உங்களுக்காக ஒரு அலுவலரை வெருட்ட மாட்டன். இன்னொரு வாசல் வையுங்கோ. புது வரைபடத்தோட அலுவலகத்துக்கு நானும் உங்களோட வாறன்." தலைவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

அடுத்த தேர்தலுக்கு வேட்பாளரைத் தெரிவு செய்யத் தொகுதியின் கட்சி உறுப்பினர்கள் கூடினார்கள். அண்ணா மூன்றாம் முறையும் போட்டியிட விரும்பினார். அதை அவர் எவ்வளவு விரும்பினார் என்று எனக்குத் தெரியும். எதிர்த்து நின்றவர் கட்சிக்குப் புதிய ஒரு ஜேர்மன்காரர். வாசலில் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, "அண்ணை, நாங்கள் இருக்கிறம்தானே" என்று கை கொடுத்தார்கள். வாக்கெடுப்பு இரகசியமானது. முடிவை வாசித்தார்கள். அண்ணாவுக்கு விழுந்த வாக்குகள், அந்தக் கூட்டத்தில் இருந்த தமிழ்த் தலைகளை விடவும் குறைவு. இதற்குக் கணக்குப் படித்திருக்கத் தேவையில்லை.

அதோடு விட்டிருக்கலாம். அந்தப் புதியவருக்கு மன்றத்தில் வரவேற்பு வைத்தார்கள். தலைவருக்கு மேடையில் பேசுமளவுக்கு ஜேர்மன் வராது. மொழிபெயர்க்க யாரைக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? அண்ணாவைத்தான். போகவேண்டாம் என்று நானும் அண்ணியும் மறித்தோம். சின்ன வயதிலிருந்து செய்கிற வேலைதானே என்று போனார். பொன்னாடை போர்த்திய பிறகு தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னார்: "முந்தி இருந்தவராலை எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. இனி இவர்தான் எங்கட ஆள்."

அண்ணா அதை அப்படியே ஜேர்மனில் சொன்னார். ஒரு சொல்லைக்கூட மெதுவாக்கவில்லை. விருந்தினரின் முகம் சிவந்துபோனது. அவர் பொன்னாடையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைகள் யாருடையவை என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திரும்பி வரும்போது நான்தான் காரை ஓட்டினேன். அந்த வரியை விட்டிருக்கலாமே என்று கேட்டேன். "அவர் சொன்னதைத்தானே நான் சொல்ல வேணும் தங்கச்சி" என்றார்.

அடுத்த ஆண்டே அண்ணாவுக்குக் கணையப் புற்றுநோய் என்றார்கள். மண்டபத்துக்கு இன்னொரு வாசல் வைத்து, அனுமதி கிடைத்து, திறப்பு விழாவும் நடந்தது. அழைப்பிதழ் அண்ணாவுக்கு வரவில்லை. மருத்துவமனைக்கும் தலைவர் வரவில்லை. வந்தவர் அண்ணாவின் ஓய்வுபெற்ற பழைய தளபதி. தூரத்து ஊரிலிருந்து ரயிலில் வந்து, கட்டிலருகே இருந்து, உங்கள் அண்ணா அன்றைக்கு என் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னபடியால்தான் நான் இன்றைக்கு நிம்மதியாக நித்திரை கொள்கிறேன் என்று என்னிடம் சொன்னார். அண்ணா சிரித்தார். அதுதான் நான் கண்ட கடைசிச் சிரிப்பு.

அண்ணாவை இறுதிவரை பராமரித்த தாதியர்க்கும், பக்கத்தை விட்டு அசையாத அண்ணிக்கும், சோறும் சொதியும் கொண்டுவந்து தந்த அயலவர்க்கும், கண்ணீரோடு வந்து நின்ற அவரது பழைய பணித் தோழர்களுக்கும், முப்பத்தோராம் நாளான இந்த அந்தியேட்டிக் கிரியையில் கூடியிருக்கும் அனைவருக்கும் எம் குடும்பத்தின் நன்றி.

மன்றத் தலைவரும் இந்த மலருக்கென ஓர் இரங்கலுரை அனுப்பியிருந்தார். அண்ணா எங்கள் சமூகத்தின் குரலாக இருந்தவர், அவர் செய்த உதவியை மறக்க முடியாது என்று அழகாக எழுதியிருந்தார். அண்ணா இருந்தால் போடு என்றுதான் சொல்லியிருப்பார். நான் போடவில்லை.

தலைவர் அண்ணை, இதை நீங்கள் அந்த மேடையில் சொல்லியிருக்க வேணும். கேட்பதற்கு அண்ணா உங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றவர்.