இன்னும் இரண்டு பொத்தான்

இது நடந்தது. நேரங்களில் நான் தவறியிருக்கலாம். எந்த ஊர் எப்போது வந்தது என்பதும் குழம்பிப்போய்விட்டது. மூடிய கதவுக்குப் பின்னால் கேட்ட சொற்களில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை.

பாரிஸிலிருந்து வெனிஸுக்குப் போகும் பழைய படுக்கை ரயில். நூறு வயதை நெருங்கும் பெட்டிகளைப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள். என் கணவன் யோரிஸ்தான் பதிவு செய்தான். எங்கள் மணவாழ்வில் பாதியை நான் அவன் கைபேசியைத் துழாவியே கழித்திருந்தேன். இந்தப் பயணத்திலும் சந்தேகப்பட்டால் பிரிந்துவிடுவது என்று பேசி வைத்துத்தான் ஏறினோம்.

அந்த ரயிலில் இரவு உணவுக்கு எல்லோரும் கல்யாணத்துக்குப் போவதுபோல உடுத்த வேண்டும். அறையில் இருவர் ஒரே நேரத்தில் கை தூக்க முடியாது. அதனால் ஒருவர் உடுத்தும்வரை மற்றவர் பார் பெட்டியில் காத்திருப்பது வழக்கம். நான் முதலில் உடுத்திக்கொண்டு போனேன்.

ஏழு நாற்பது. யோரிஸ் வரவில்லை.

"என்னம்மா, மாப்பிள்ளை இன்னும் சிங்காரிச்சுக்கிறாரா?" என்றார் பக்கத்து இருக்கைப் பெண்மணி. "என் வீட்டுக்காரரும் இப்படித்தான். மூணாவது கல்யாணத்துக்கு அப்புறம்தான் சீக்கிரம் கிளம்பக் கத்துக்கிட்டார்."

சிரித்தேன். எழுந்து நடந்தேன்.

அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டக் கையைத் தூக்கினேன்.

உள்ளே யோரிஸின் குரல். தணிந்த, சிரிப்பு கலந்த குரல். முதல் வருடத்துக்குப் பிறகு அவன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

"அசையாத. இன்னும் ரெண்டு பொத்தான்தான்."

பட்டுத்துணி உரசும் ஓசை...

தட்டினேன். யோரிஸ் திறந்தான். என்னைப் பார்த்து விழித்தான்.

"நீ எப்படி வெளியில போன?"

"உள்ள யாரு?"

"மார்லேன், விளையாடாத. நீதானே திரும்பி வந்து முதுகைக் காட்டிக்கிட்டு நின்ன. இப்பதான் போட்டு முடிச்சேன்."

என் உடையில் பொத்தானே கிடையாது. ஜிப்தான்.

முகம் கழுவும் தொட்டி வைத்த அலமாரியைத் திறந்து பார்த்தேன். இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஜன்னல் ஒரு சாண்தான் இறங்கும். யாரும் இல்லை.

சாப்பாட்டில் யோரிஸ் தன் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பியபோது, எங்கள் பெட்டியின் பணியாளர் ரெமி படுக்கைகளை விரித்திருந்தார். கீழ்ப்படுக்கையில் இரண்டு தலையணைகள்.

"மேடம்தான் கேட்டாங்க," என்றார் யோரிஸிடம். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"மன்னிக்கணும்... இவங்க...?"

இரவு மணி இரண்டு பத்து. நான் மேல்படுக்கையில் விழித்திருந்தேன். ரயில் எங்கோ நின்றிருந்தது. சக்கர ஓசை இல்லை.

"குளிருதா?"

யோரிஸின் குரல். என்னிடம் கேட்கவில்லை.

எட்டிப் பார்த்தேன். நீல விளக்கு வெளிச்சத்தில், விளிம்பை ஒட்டி விழுந்துவிடுவதுபோலப் படுத்திருந்தான். சுவர்ப் பக்கம் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிறு எரிந்தது.

ஏணியில் இறங்கினேன். அவனைத் தாண்டிப் போய் அந்த இடத்தில் படுத்தேன்.

சூடாக இருந்தது...

தூக்கத்தில் அவன் கை என் முதுகில் மெல்ல இறங்கியது. எதையோ ஒவ்வொன்றாகத் தேடியது.

நின்றது.

"நீயா," என்றான்.

கையை எடுத்துக்கொண்டான்.

அந்தப் பெட்டியைப் பற்றிப் பிறகு தெரிந்தது இதுதான். புதுப்பிக்க எடுப்பதற்கு முன் அது பல வருடங்கள் ஒதுக்குத் தண்டவாளத்தில் கிடந்திருக்கிறது. எல்லா அறைகளும் திறந்து கிடந்தனவாம். எங்கள் அறை மட்டும் உள்ளே தாழிட்டிருந்தது. உடைத்துத்தான் திறந்திருக்கிறார்கள். உள்ளே யாரும் இல்லை.

யோரிஸும் நானும் பிரிந்துவிட்டோம். நான் ஆன்ட்வெர்ப்பில் என் தங்கை வீட்டு மாடியில் இருக்கிறேன். அவன் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அதே அறையை எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறான். ரெமி இன்னும் அந்தப் பெட்டியில்தான் வேலை செய்கிறார். காலையில் யோரிஸ் கேட்டபடி இரண்டு கோப்பை காபி கொண்டுபோய் வைக்கிறாராம். இரண்டும் காலியாகத் திரும்பி வருகின்றனவாம்.