காக்காவின் எல் போர்ட்டும் ஐயாவின் தொப்பியும்

ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுத்து கோணல்மாணலாக வரும், மறதியும் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். போன கிழமை பேத்திக்குக் கார் லைசன் கிடைத்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்ததும் காக்காவின் நினைப்பு வந்துவிட்டது.

காக்கா என் மூத்த சகோதரர். வாப்பா கல்முனைக்குடியில் வாடகைக்கு ஹயர் கார் ஓடினார். கண்ணில் பூ விழுந்து அவரால் ஓட முடியாமல் போனதும் கார் மாமரத்தடியில் நின்றது. அடுப்பும் ஒரு நேரம்தான் எரிந்தது. காக்காவுக்கு அப்போதுதான் பதினெட்டு. அவர் லைசன் எடுத்தால்தான் வீடு நிமிரும்.

முதலில் வீதிச் சட்டம் கேட்டு ஒரு சோதனை. அதில் பாஸாகி, பழகுவதற்கான பெர்மிட் வந்தது. காரின் முன்னும் பின்னும் சிவப்பெழுத்தில் எல் போர்ட் கட்டினோம். லைசன் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டுமென்று மாமாவைப் பிடித்தோம். அவர் கதவை இறுக்கிப் பிடித்தபடி நற்பிட்டிமுனை வரைக்கும் நபியின் பேரில் ஸலவாத்து ஓதிக்கொண்டே போவார். அது ஓதினால்தான் கார் ஓடும் என்று நான் நினைத்திருந்தேன்.

கடைசியாக ட்ரயல், கார் ஓட்டிக் காட்டும் சோதனை. சோதிக்க வந்த ஐயா வெளியூர்க்காரர், தலையில் வட்டத் தொப்பி. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காக்கா எங்கள் தெருவால் வருவதை வேலி இடுக்கால் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு ஜனாஸா வந்தது. இறந்தவரைச் சுமக்கும் சந்தூக்கு கடந்து போனால் எங்கள் ஆண்கள் சும்மா நிற்கமாட்டார்கள், கொஞ்சத் தூரமாவது தோள் கொடுப்பார்கள். காக்கா காரை ஓரமாக நிறுத்தினார், இறங்கினார், தோள் கொடுத்து நடந்தே போய்விட்டார். ட்ரயல் அவர் நினைவிலேயே இல்லை.

ஐயா சற்று நேரம் காருக்குள் தனியே இருந்தார். பிறகு இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நிலத்தைப் பார்த்து நின்றார்.

வாப்பா கோபம் வந்தால் முதலில் தொப்பியைத்தான் கழற்றி வைப்பார். ஜனாஸா என்றாலோ, தொப்பி இல்லாதவனும் கைலேஞ்சித் துணியையாவது தலையில் கட்டுவான். ஆகையால் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே ஓடிச் சொன்னேன்.

"தொப்பியயும் கழட்டிட்டாரா? அப்ப முடிஞ்சி" என்று உம்மா குந்திவிட்டா.

வாப்பா, "வந்தா ஒத்தரும் அவன ஏசப்படா. மையத்துக்குத்தானே போனான்" என்றார்.

நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது கார் வந்தது. காக்கா இறங்கி, எல் போர்ட்டை அவிழ்த்து என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"இனி இது ஒனக்கு."

உம்மா நம்பவில்லை, ஐயா என்ன சொன்னார் என்று திரும்பத் திரும்பக் கேட்டா. காக்கா திரும்பி வந்ததும், இறங்கும்போது கைப்பிரேக் போட்டாயா என்று மட்டும்தான் கேட்டாராம். காக்கா ஓம் என்றாராம். ஐயா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரி, காரை எடு என்றாராம். வாப்பா தடவித் தடவிப் போய், சூடாயிருந்த காரில் கையை வைத்தபடியே நின்றார். உம்மா மீனுக்கு ஆள் அனுப்பினா.

அவ்வளவு கோபப்பட்டவர் எப்படிப் பாஸ் போட்டார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மாமாவின் ஸலவாத்து என்று முடிவுகட்டிக்கொண்டேன். நான் கலியாணம் முடித்த பிறகு, ஒருநாள் கல்முனை வீதியில் கிறிஸ்தவ வேதக்காரரின் சவ ஊர்வலம் போனது. தொப்பி போட்டிருந்தவர்கள் எல்லாரும் அதைக் கழற்றி நெஞ்சோடு பிடித்து, நிலத்தைப் பார்த்து நின்றார்கள். நானும் அப்படியே நின்றுவிட்டேன்.

எழுத்துச் சோதனை முதலா, பெர்மிட் முதலா, நான் சொன்ன ஒழுங்கு சரியா என்று விஷயம் தெரிந்த பிள்ளைகள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். தொப்பியை மட்டும் மாற்றவேண்டாம். அதை நான் என் கண்ணால் கண்டேன்.