அறைக்குள் வந்த காக்கை

அஷ்டமி என்று தெரிந்தே விமானம் ஏறியவள் வத்சலா. நாள் பார்ப்பது, சகுனம் பார்ப்பது எதுவும் அவளிடம் நடக்காது. திருச்சியிலிருந்து மியூனிக் வந்து ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஊர்ப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் விடவில்லை. சாப்பிடும் முன் ஒரு பிடி சோற்றை ஜன்னல் விளிம்பில் காக்கைக்கு வைப்பாள்.

1969 மார்ச்சில், வெயில் அடித்த ஒரு ஞாயிறு மதியம், அந்தக் காக்கை சோற்றோடு நிற்காமல் உள்ளேயே வந்துவிட்டது. அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பறந்து, வந்த வழியே போயிற்று. அறைத்தோழி நோரீனின் முகம் வெளுத்துவிட்டது. அவள் அயர்லாந்துக்காரி, மருத்துவமனையில் நர்ஸ்.

“எங்க ஊர்ல பறவை அறைக்குள்ள வந்தா, அங்க இருக்கறவங்க சொந்தத்துல ஒரு சாவு விழும்” என்றாள். அவள் அப்பாவுக்கு ஒரு மாதமாக நெஞ்சில் சளி.

“அட அசடே, எங்க ஊர்ல காக்கான்னா முன்னோர். பசிச்சு வந்திருக்காங்க.”

“முன்னோர்னா செத்தவங்கதானே? யாரைக் கூட்டிட்டுப் போக வந்தாங்க?”



மறுநாள் வத்சலா ஜன்னலைச் சாத்தி வைத்தாள். பழகிய காக்கை விடுமா? கண்ணாடியைக் கொத்தியது. டொக், டொக், டொக். நோரீன் காதைப் பொத்திக்கொண்டாள். மூன்று தட்டுச் சத்தம் கேட்டால் அதுவும் சாவுக்குத்தானாம்.

“நான் ஊருக்குப் போகணும். லீவு கேட்டேன், தலைமை நர்ஸ் சிரிச்சுட்டாங்க.”

“என்னன்னு கேட்டே?”

“பறவை வந்துச்சுன்னு.”

“அதை ஏன்டி சொன்னே?”

வத்சலா கோட்டை மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினாள். தெரிந்த ஜெர்மன் வார்த்தைகளையெல்லாம் திரட்டி, காக்கையைப் பற்றி வாய் திறக்காமல், அப்பாவின் நோயை மட்டும் சொல்லி லீவு வாங்கிவந்தாள். அடுத்தவருக்காக யார் வாசலிலும் போய் நிற்க அவள் கூசியதே இல்லை. அன்று மாலையே நோரீனை ரயிலேற்றிவிட்டாள்.

அதன்பிறகு வத்சலாவுக்கு எதிலும் கை ஓடவில்லை. ஆய்வுக்கூடத்தில் கழுவிய குழாயையே மறுபடி கழுவினாள். நாம் வைத்த சோற்றுக்குத்தானே அது வந்தது என்று மனசு அரித்தது. வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் நோரீனிடமிருந்து தந்தி வந்தது. அப்பா தேறிவிட்டார், மாடு பார்க்கக் கிளம்பிவிட்டார் என்றிருந்தது.

வத்சலா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே அறைக்குள் திரும்பினாள். ஒரு கட்டில் நோரீனுடையது. மற்றது தன்னுடையது. காக்கை இரண்டுக்கும் மேலேதான் பறந்தது.

திருச்சியில் அம்மா தனியாக இருக்கிறாள்.

தபால் நிலையம் மூட இன்னும் நேரம் இருந்தது. கோட்டைக்கூட எடுக்காமல், தந்தி கொடுக்க ஓடினாள்.