நெருக்கமும் ஜோடியும்

போன மாதம் காலமான பிரிஜெட்டின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அச்சாகவில்லை. ஒன்றில் அச்சாகியிருக்க வேண்டியது. தடுத்தவர் அவரேதான்.

பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் டெக்னீஷியன். நரம்பு செல்களைத் தட்டில் வளர்ப்பது வேலை. அவர் தட்டில் பூஞ்சை பிடித்ததாக யாரும் சொன்னதில்லை.

நரம்பு செல்லின் மேற்பரப்பில் செய்தி வாங்கும் புரதங்கள் உண்டு, ஏற்பிகள் என்பார்கள். சில தனியாக வேலை செய்யும். சில இரண்டாகச் சேர்ந்தால்தான் செய்யும். ஆராய்ச்சி மாணவி சஹானா எடுத்துக்கொண்ட இரண்டு ஏற்பிகள் ஜோடி சேருமா என்பதுதான் கேள்வி. ஒன்றில் நீல ஒளி தரும் துண்டையும் மற்றதில் மஞ்சள் ஒளி தரும் துண்டையும் இணைத்தாள். இரண்டும் ஒட்டி நின்றால் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு ஒளி தாவும். தாவியது. கட்டுரை தயாரானது. ஆசிரியர்கள் வரிசையில் மூன்றாவது பெயர் பிரிஜெட். ஜீவனஹள்ளி வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகள் நிக்கோலிடம் சொன்னார்.

கட்டுரையை இதழுக்கு அனுப்ப இரண்டு நாள் இருந்தது. படங்களைச் சரிபார்க்கும்போது அவருக்கு ஒன்று உறுத்தியது. பளிச்சென்ற செல்களில் மட்டுமே ஒளி தாவியிருந்தது, மங்கலானவற்றில் இல்லை. படம் நன்றாக வரட்டும் என்று செல்லில் அந்த ஏற்பிகளை உண்டாக்கும் டி.என்.ஏ.வை நான்கு மடங்கு கூட்டிப் போட்டவர் அவர்தான்.

"சஹானா, கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சும்மா."

"இருக்கட்டுமே ஆன்ட்டி. ஒட்டிக்கிட்டுதானே நிக்குது?"

"சிவாஜிநகர் பஸ்ல ஒட்டிக்கிட்டு நிக்கறவங்க எல்லாம் புருஷன் பொண்டாட்டியா?"

சஹானா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். "இது தப்புன்னா பேப்பரே போயிடும். உங்க பேரும்தான்."

"தெரியும். கால் பங்கு போட்டு திருப்பிப் பாப்போம். மூணு வாரம் குடு."

எந்தத் தட்டில் எவ்வளவு என்று சஹானாவுக்குத் தெரியாதபடி தட்டுகளின் மேல் வரிசை எண் மட்டும் எழுதி, அளவுப் பட்டியலைத் தனியே மடித்துவைத்தார். வேண்டியதைக் கண் தானாகப் பார்த்துவிடும் அல்லவா? அளந்து முடித்த பிறகே பட்டியலைப் பிரித்தார்கள். குறைவாகப் போட்ட தட்டு ஒன்றில்கூட ஒளி தாவவில்லை. ஜோடி என்பதற்கு ஆதாரமே இல்லை.

அன்று மாலை கதவைத் திறந்ததுமே நிக்கோல் கேட்டாள்.

"அனுப்பிட்டாங்களாம்மா?"

"இல்லடி. அது ஜோடியே கெடையாது."

"யாரு தப்பு?"

"ஜாஸ்தி போட்டது நான்தான். கண்டுபுடிச்சதும் நான்தான்."

இரண்டாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.