கோணப்பல்லும் நேர்ப்பல்லும்

ஊரில் வயதானவர்களில் பாதிப் பேர் பல்செட்டுக்காரரின் தயவில்தான் சிரிக்கிறார்கள். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில், பிளாஸ்டர் தூசி படிந்த தலையோடு உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் அலமாரிகளில் ஊராரின் தாடைகள்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. வீட்டில் அதற்குப் பிடிவாதம் என்று பெயர். புதுப்பல் பழைய பல்லைப் போல இருந்தால் போதாது, பழைய பல்லாகவே இருக்க வேண்டும். "அதே மாதிரி வேணும்னா வேற இடம் பாருங்க. எங்கிட்ட வந்தா அதேதான்" என்பார். வாழ்நாளெல்லாம் புகை பிடித்த ஒருவருக்குப் புதுப்பல்லிலேயே கறை வைத்துக் கொடுத்த மகான். கறைப்பல் வாங்கியவர் ஏனோ நன்றி சொல்லவில்லை.

மகள் கல்யாணம் நெருங்கிய நேரத்தில் மனைவியின் ஈறு கெட்டது. மேல்வரிசை முழுவதையும் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மனைவி பரிசு விழுந்தவர் போலப் பல்லெடுக்கக் கிளம்பிப் போனதை இவர் கவனிக்கவில்லை. எடுக்கும் முன்பே அச்சு எடுத்து, உதவியாளர் யாரையும் தொடவிடாமல் தானே செய்தார். பஸ்ஸில் இடம் பிடித்தவர் போலப் பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்திருக்கும் அந்த ஒரு முன்பல்லுக்காக மட்டும் எத்தனையோ முறை மெழுகை உருக்கினார்.

செட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அதே பல்லுதான். தடவிப் பாரு, இம்மி மாறல."

"இந்தக் கோணப்பல்லு ஒழியட்டும்னுதானே சிரிச்சுக்கிட்டே போய் வாயைத் திறந்தேன்?"

பல்செட்டுக்காரரின் வாயும் திறந்தது.

"இத்தனை வருஷமா எதுக்குக் கையால வாயை மூடிக்கிட்டு சிரிக்கிறேன்னு நினைச்சீங்க?"

"வெக்கம்னு நினைச்சேன்."

"உங்ககிட்ட எனக்கென்ன வெக்கம்?"

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அந்தக் கை மேலே போவதைப் பார்ப்பதற்காகவே தினமும் சாப்பாட்டு வேளையில் ஒரு ஜோக் தயார் செய்து வந்த மனிதர் அவர்.

"ஊர் வாயெல்லாம் பார்த்தீங்க, வீட்டு வாயைப் பார்க்கலையேப்பா" என்றாள் மகள்.

"கல்யாண போட்டோவுல ஒரு தடவையாவது கையை எடுத்துட்டுச் சிரிக்கணும்" என்றாள் மனைவி. "வேற ஒண்ணும் வேணாம்."

கொள்கையை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, விளம்பரத்தில் வருவது போல நேரான பல்வரிசை ஒன்றைச் செய்தார். பழைய செட் எங்கே என்று மனைவி கேட்டதற்கு, குப்பையில் போட்டாயிற்று என்றார்.

போட்டோ வந்தது. மனைவி கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். பக்கத்தில் இவர், அறிமுகமில்லாத பெண்ணருகே தவறிப் போய் நின்றுவிட்டவர் போல விழிக்கிறார்.

"அம்மா எப்படிப்பா இருக்காங்க?" என்றாள் மகள்.

"உங்கம்மா மாதிரியே இருக்காம்மா."

போட்டோவில் அவருடைய சட்டைப் பை ஒரு பக்கம் புடைத்திருந்தது. போட்டோகிராபர் அதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து தருவதாகச் சொன்னார்.

"அது இருக்கட்டும் தம்பி" என்றார் பல்செட்டுக்காரர்.